தொலைந்த வலையும் மட்டக்களப்பு வாவியும்

மட்டக்களப்பு வாவியின் அடித்தளத்தைக் கண்ணாற் கண்டவர் சிலர். காதாற் கேட்டவர் பலர். பூரணையை அண்டிய இரவுகளில், காற்று அடங்கி நீர் அசைவற்றிருக்கும் வேளையில், கல்லடிப் பாலத்தின் அயலிலே தோணியை நிறுத்தி, சவளின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறு நுனியைச் செவியோடு பொருத்தினால், நரம்பைத் தொட்டாற் போன்ற ஓசை கீழிருந்து எழும் என்பது அந்நாட்டாரின் நெடுநாளைய அநுபவம். அதனை எழுப்புவது மீனா, சிப்பியா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் சென்ற நூற்றாண்டில் அவ்வோசையைப் பதிவு செய்ய முயன்றதும், அது வானொலியில் ஒலித்ததும் மூத்த நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இந்தப் பேச்சு அவ்வோசையைப் பற்றியதன்று. அதே அடித்தளத்தில் ஓசையின்றிக் கிடக்கும் மற்றொரு பொருளைப் பற்றியது. அது தொலைந்துபோன வலை.

வலை தொலைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அது தன் தொழிலை நிறுத்திவிட்டது என்று கேட்பவர் எண்ணிக்கொள்வது இயல்பு. கத்தி தொலைந்தால் அது எதையும் வெட்டாது. ஏர் தொலைந்தால் அது எந்த நிலத்தையும் உழாது. இவற்றை இயக்க ஒரு கை வேண்டும். செவுள்வலைக்கு அக்கை வேண்டியதில்லை. மேற்கயிற்றிலே மிதவைகள், கீழ்க்கயிற்றிலே ஈயக் குண்டுகள். இவை இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய சுவர். மாலையிற் கட்டி, விடியுமுன் எடுப்பது வழக்கம். இரவில் அவ்வழியே வரும் மணலையும் ஓராவும் கெளிறும் தலையை நுழைத்து, முன்னே செல்லவும் இயலாது, பின்வாங்கினாற் செவுள் மாட்டிக்கொள்ள, அங்கேயே நிற்கும். தொழிலாளி செய்வதெல்லாம் வலையைக் கட்டுவதும் எடுப்பதுமே. பிடிக்கும் வேலையை வலை தானே செய்துகொள்கிறது.

எடுக்க ஒருவரும் வராவிட்டால் என்ன நிகழும்? சிக்கிய மீன் சாகும். செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும். உயிரோடு துடிக்கும் சிறு மீனைக் கண்டு நீர்க்காகம் முக்குளிக்கும். மூச்சு முட்டி அதுவும் சாகும். பாரம் மிகுந்தபோது வலை அடியிற் படியும். ஊனை நண்டும் புழுவும் தின்று முடித்தபின் பாரம் குறைய, மிதவைகள் அதனை மீண்டும் நிமிர்த்தும். மறுபடியும் மீன் வரும். மேல்நாட்டார் இதனைப் பேய்வலை என்று அழைக்கின்றனர். உரியவன் விட்டுப்போன பின்னரும் அவனுடைய வேலையைச் செய்துகொண்டு அலைகின்ற பொருளுக்கு அப்பெயர் பொருத்தமானதே. நாட்செல்லச் செல்லப் பாசி படர்ந்து, வலை மீனின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிடிக்கும் திறன் குறையும். எனினும் அலையும் வெயிலும் எட்டாத அமைதியான இடத்தில் அது ஆண்டுக்கணக்கில் நண்டையேனும் பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வாறு சாகும் மீன் ஒருவர் உலையிலும் ஏறுவதில்லை. எந்தச் சந்தைக்கும் போவதில்லை. ஆயினும் அது வாவியின் கணக்கிற் குறைந்துவிட்ட மீன்தான்.

பண்டைய வலைக்கு இக்குற்றம் இருக்கவில்லை. பருத்தி நூலாலும் சணல் நூலாலும் முடிந்த வலைகள் நீரில் விரைவிற் பழுதாகும். அவற்றைக் காப்பதற்கே ஒரு தனித் தொழில் இருந்தது. பனிச்சை மரத்தின் காயை இடித்து, அதன் துவர்ச்சாற்றில் வலையை ஊறவைத்து உலர்த்துவார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே பனிச்சங்கேணி என்று ஓர் ஊர் இருப்பது அம்மரத்தின் பெயரை இன்றும் சொல்கிறது. துவரூட்டி, உலர்த்தி, கிழிசல் பொத்தி, இவ்வளவு பாடுபட்டும் பருத்தி வலையின் ஆயுள் சொற்பம். நீரில் தொலைந்த பருத்தி வலையைச் சேறு சில மாதங்களிற் தின்றுவிடும். அந்த வலை உழைப்பவனுக்குக் கொடியது, வாவிக்கு நல்லது.

1935 இல் அமெரிக்காவிலே டூபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலோன் இழையை ஆக்கினார். காலுறைக்கும் பரசூட்டுக்கும் பயன்பட்ட அவ்விழை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வலைக்கு வந்தது. இலங்கையில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பரவின. நோர்வே நாட்டாரின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் எழுந்த சீநோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையை நடத்தியது. துவரூட்டும் கிடாரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டன. ஒரு தலைமுறைக்குள்ளே பனிச்சங்காய் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும் நிலை வந்தது.

நைலோனைப் பழிப்பது எளிது; அது நியாயமாகாது. பருத்தி வலையோடு போராடிய குடும்பங்களுக்கு அது சோறு கொடுத்தது. உலர்த்த வேண்டியதில்லை, துவரூட்ட வேண்டியதில்லை, பாரமும் குறைவு, பிடிப்பும் அதிகம். பழைய வலைக்குத் திரும்புங்கள் என்று கரையில் நின்று சொல்பவர் ஒரு நாளேனும் பருத்தி வலை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எந்த இயல்பு அவ்வலையை மனிதனுக்கு உகந்ததாக்கியதோ, அதே இயல்புதான் அது தொலைந்தபின் தீங்காகிறது. அது மக்குவதில்லை. இன்னொன்றும் உண்டு. நைலோன் நீரைவிடச் சற்றுக் கனமானது. மிதவை கழன்றதும் அது அடியில் அமர்ந்துவிடும். பொலிஎதிலீன் கயிறோ நீரைவிட இலேசானது; அது மிதந்து முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போகும். ஆகவே வாவியில் தொலைந்தவற்றுள் ஒரு பாதி அயலாருக்குத் துன்பமாகிறது. மறு பாதி வாவிக்குள்ளேயே கிடந்து, நாளடைவில் அறுந்து, மயிரினும் நுண்ணிய துகள்களாகிச் சேற்றோடு கலக்கிறது.

வலை எவ்வாறு தொலைகிறது? அசட்டையினால் என்பது பட்டணத்தார் கருத்து. ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் முடிச்சு முடிச்சாக அடங்கியுள்ள பொருளை எவரும் அசட்டையாக நீரில் விடுவதில்லை. கடன்பட்டு வலை வாங்கியவன், வலை போனபின்னும் கடனைக் கட்டவேண்டும். அவ்வலை தேய்ந்து உதவாது போனபின் கரையிலோ கண்ணா மரங்களின் அடியிலோ எறியப்படுவது வேறு விடயம். அதுவும் நிகழ்கிறது, அதற்கு அசட்டை என்ற பெயர் தகும். ஆனால் நல்ல வலை தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் நீரே.

வாவியின் அமைப்பைச் சற்று நினைவுகூர்ந்தால் இது விளங்கும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். பெரும்பகுதி ஓராள் ஆழமே. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலோடு அது சேரும் வாய்கள் இரண்டு: ஒன்று பாலமீன்மட்டு முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் மேடிட்டு இவ்வாய்கள் அடைபட்டுக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் படுவான்கரைக் குளங்களும் ஆறுகளும் தம் வெள்ளமனைத்தையும் வாவிக்குள் இறக்கும். வயலும் வீடும் அமிழத் தொடங்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டிய சில மணி நேரத்தில் அமைதியான வாவி ஆறாகிறது. கட்டியிருந்த வலை, ஊன்றியிருந்த கம்பு, நங்கூரக் கல், யாவும் இழுபடும். மேலிருந்து ஆற்றுவாழைக் கூட்டம் தீவு தீவாக மிதந்து வந்து வலையின் மேல் விழுந்தால், எந்தக் கயிறும் தாங்காது. வயலுக்கு விடிவு வரும் அதே இரவு வலைக்கு அழிவு வரும் இரவு. இருவரும் ஒரே ஊரவர். சில வீடுகளில் ஒரே தகப்பனின் பிள்ளைகள். இதில் யாரைக் குறை கூறுவது?

வெள்ளத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. முதலை வலையைக் கிழிக்கும். இயந்திரத் தோணியின் சுழல்விசிறி இருளில் மிதவைக் கயிற்றை அறுக்கும். கடலில் என்றால் பாறையும், மூழ்கிய கப்பலின் சிதைவும் வலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர் நடந்த ஆண்டுகளில் வாவியிலும் கடலிலும் இரவுத் தொழிலுக்குத் தடை விதிக்கப்பட்ட காலங்கள் பல. கட்டிய வலையை எடுக்கப் போகமுடியாது கரையில் நின்றவர்கள் அக்காலத்தை மறக்கவில்லை. 1978 நவம்பர் மாதச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும் நடத்திய அழிவு வேறு. நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் என்னும் ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணற்பட்டியில் அமைந்தவை. அலை அப்பட்டியை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கடந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போன மாவட்டத்தில் வலையைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வந்திராது. ஆனால் அன்று கரையில் உலர்ந்துகொண்டிருந்த வலைகளும் நீருக்குட் போயின என்பது உண்மை.

இவ்விடத்தில்தான் சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. தங்கூசி வலையை மட்டக்களப்பார் அனைவரும் அறிவர். முறுக்கிய நூலுக்குப் பதிலாக ஒற்றை இழையால் ஆனது, கண்ணாடி போன்றது, மலிவானது, மீனுக்குத் தெரியாது. மற்ற வலைகளைவிட எளிதில் அறும். அறுந்தால் பொத்துவது கடினம். அதனால் அடிக்கடி வீசி எறியப்படுவதும் அடிக்கடி தொலைவதும் அதுவே. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் 2006 இல் வெளியான ஒழுங்குவிதிகள் தங்கூசி வலையால் மீன்பிடிப்பதைத் தடை செய்தன. தடை நியாயமானது. அதனைப் பிறப்பித்தவர்களின் நோக்கத்திற் குறை காண இயலாது. ஆனால் தங்கூசி வலை வாவியை விட்டு நீங்கவில்லை. பரிசோதகர்கள் அவற்றைக் கைப்பற்றுவதும், நீதிமன்றக் கட்டளைப்படி அவை எரிக்கப்படுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. நைலோனை வெளியிலே எரிப்பதால் எழும் புகையைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை என்பதை இங்கே ஒரு பேச்சுக்குக் குறிப்பிட்டு அப்பாற் செல்லலாம்.

தடையினால் விளைந்த மற்றொரு பயனை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தடை செய்யப்பட்ட வலையைத் தொலைத்தவன், அது தொலைந்தது என்று எங்கும் சொல்ல முடியாது. சொன்னால் அதை வைத்திருந்தது வெளியாகும். ஆகையால் அவன் தேடுவதில்லை, தேட உதவி கேட்பதுமில்லை, அயலவனை எச்சரிப்பதுமில்லை. தொலைந்த மாட்டைத் தேடுபவன் ஊரெல்லாம் விசாரிக்கிறான். தொலைந்த தங்கூசி வலைக்கு உரியவன் ஊரார் விசாரித்தாலும் வாய் திறப்பதில்லை. வாவியின் அடியிலே கிடக்கும் வலைகளைப் பற்றி அறிந்தவர்கள் அவற்றைத் தொலைத்தவர்களே. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை பாகம் என்பது அவர்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிறது. அவ்வறிவு முழுவதும் அச்சத்தினாற் பூட்டப்பட்டிருக்கிறது. பேய்வலை ஒழிப்பில் முதலாவது வேலை அப்பூட்டைத் திறப்பது. மற்றவை யாவும் அதன் பின்னரே.

2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளைக் கடலிற் கொட்டியபோது நாடே அதிர்ந்தது. அது ஒரு பெரும் அழிவு; ஓரிடத்தில், எல்லார் கண்முன்னும் நிகழ்ந்தது. வலைகளோ ஒவ்வொன்றாக, இருளில், சத்தமின்றிப் போகின்றன. 2022 இல் வெளியான ஓர் ஆய்வு இந்தோனேசியா, பெரு, மொரோக்கோ முதலிய ஏழு நாடுகளைச் சேர்ந்த 450 தொழிலாளரை நேரில் விசாரித்து ஒரு மதிப்பீடு செய்தது. உலகத்தின் மீன்பிடிக் கருவிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு ஆண்டுதோறும் தொலைகிறது. செவுள்வலை மட்டும் 2,900 சதுரக் கிலோமீற்றருக்கு மேல். கூடுகளும் பொறிகளும் 2 கோடி 50 இலட்சத்துக்கு மேல். நூற்றுக்கு இரண்டு என்பது சிறு பங்காகத் தோன்றும். ஆனால் சென்ற ஆண்டின் வலையும் அதற்கு முந்திய ஆண்டின் வலையும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன என்பதை மறத்தலாகாது.

தொலைந்த வலை அயலாருக்கு எவ்வாறு துன்பமாகிறது என்பதற்கு மாலைதீவு ஒரு சான்று. அந்நாட்டார் சூரை மீனைத் தூண்டிலாற் பிடிப்பவர்கள். பெருவலைத் தொழில் அங்கில்லை. இருந்தும் பெருவலைகளின் துண்டுகள் ஆண்டுதோறும் அவர்கள் கடலுக்கு மிதந்து வருகின்றன, அவற்றுள்ளே சிக்கிய ஆமைகளோடு. அந்த ஆமைகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை இலங்கையிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் பொரித்த கூட்டத்தைச் சேர்ந்தவை என்று 2020 இல் எழுதினார்கள். இங்கே பிறந்த ஆமை, வேறெங்கோ தொலைந்த வலையில், மூன்றாவது நாட்டுக் கடலிற் சாகிறது.

இனி, அடியிற் கிடப்பதை எடுக்க முடியுமா, எடுத்தால் என்ன பயன் என்ற வினாவுக்கு வரலாம். இதற்கு மிகத் தெளிவான விடையை அமெரிக்காவின் செசபீக் குடா தருகிறது. அதுவும் மட்டக்களப்பு வாவியைப் போல ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு, நண்டுக்குப் பெயர்பெற்றது. கம்பிக் கூடுகளாலே நண்டு பிடிப்பார்கள். கயிறு அறுந்து தொலைந்த கூடுகள் அடியிற் கிடந்து நண்டைப் பிடித்துக்கொண்டேயிருந்தன. 2008 இல் நண்டு குறைந்துபோன காரணத்தால் வேர்ஜீனியா மாநில அரசு குளிர்காலத்து நண்டுத் தொழிலை நிறுத்தியது. தொழிலின்றி நின்றவர்களுக்கு வெறுங்கையாக நிவாரணம் கொடுப்பதற்குப் பதிலாக, அவர்களையே கூலிக்கு அமர்த்தி, அவர்களுடைய படகுகளிலேயே சென்று, தொலைந்த கூடுகளைத் தேடி எடுக்கும்படி ஏவினார்கள். 2014 வரை ஆறு குளிர்காலங்கள் இவ்வேலை நடந்தது. 34,408 கூடுகள் கரையேறின. பின்னர் கணக்குப் பார்த்த ஆய்வாளர்கள், அவ்வாறு எடுத்ததனால் 13,504 தொன் நண்டு மேலதிகமாகக் கிடைத்தது என்றும், அதன் பெறுமதி 2 கோடி 13 இலட்சம் டொலர் என்றும், கூடுகளை எடுக்காமல் விட்டிருந்தாற் கிடைத்திருக்கக்கூடியதைவிட இது நூற்றுக்கு 27 பங்கு அதிகம் என்றும் 2016 இல் வெளியிட்டனர். பேய்க்கூடு நண்டைக் கொல்வதோடு நிற்பதில்லை. நல்ல கூட்டுக்கு வரவேண்டிய நண்டைத் தன்பக்கம் இழுத்தும் வைக்கிறது. அது விலகினால், எஞ்சியிருக்கும் கருவி ஒவ்வொன்றும் கூடுதலாகப் பிடிக்கும்.

இச்செய்தியில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கன. தேடியவர்கள் தொழிலாளரே, தேடிய காலம் தொழில் குறைந்த காலம், உன்னுடைய கூடு ஏன் இங்கே கிடந்தது என்ற விசாரணையை எவரும் வேலையின் முன்னே நிறுத்தவில்லை.

இலங்கைக்கு வலைத் தொழிற்சாலை தந்த நோர்வே நாட்டிலும் இதையொத்த ஒழுங்கு உண்டு. கருவியைத் தொலைத்தவர் முதலில் தாமே தேடவேண்டும். கிடைக்காவிடின் அறிவிக்க வேண்டும். அறிவித்த இடங்களுக்கு அரசின் கப்பல் சென்று தூண்டி எடுக்கும். 1980களின் தொடக்கத்திலிருந்து இது ஆண்டுதோறும் நடந்துவருகிறது. கேரளத்தில் 2017 இல் கொல்லத்து நீண்டகரைத் துறைமுகத் தொழிலாளர்கள், வலையில் மீனோடு வரும் பிளாஸ்ரிக்கை மறுபடி கடலில் எறியாமற் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பெண்கள் அதனைத் தரம் பிரித்தார்கள். அரைத்து, தாரோடு கலந்து, தெருப் போட்டார்கள். முதற் பத்து மாதத்தில் மட்டும் 25 தொன் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தனாஹோன் திட்டுக் கிராமங்களில் 2012 முதல் பழைய நைலோன் வலைகளை நிறுத்து விலைக்கு வாங்கி, ஐரோப்பாவுக்கு அனுப்பி, மீண்டும் நூலாக்கி, கம்பளம் நெய்தார்கள். விலை கிடைக்கும் என்று தெரிந்தபின் கிராமத்துப் பெண்கள் கரையில் ஒரு துண்டு வலையையும் விட்டுவைக்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு இவற்றுள் எது பொருந்தும்? பெருங்கடலிற் தேடுவதற்குக் கப்பல் வேண்டும், ஒலிக்கருவி வேண்டும். இரண்டு மீற்றர் நீரில் இவையெல்லாம் தேவையில்லை. கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் எடுக்கும் பாதாளக் கரண்டியை அறியாத வீடு இல்லை. அதனையே சற்றுப் பெரிதாக அடித்து, நீண்ட கயிற்றிற் கட்டி, தோணியின் பின்னால் இழுத்துச் சென்றால் அடியிலே கிடக்கும் வலை மாட்டிக்கொண்டு வரும். நோர்வேயின் கப்பல் இழுப்பதும் பெரியதொரு பாதாளக் கரண்டியே. எங்கே இழுப்பது என்பதுதான் வினா. கண்ட இடமெல்லாம் இழுத்தால் நீர்ப்புற்படுக்கை உழப்பட்டு, இறாற்குஞ்சின் தொட்டில் அழியும். இடத்தைச் சொல்லக்கூடியவர்கள், மேலே கூறியபடி, தொலைத்தவர்கள்.

ஆகவே ஒவ்வொரு மீனவர் சங்கத்திலும் ஒரு புத்தகம் வைத்து, வலை தொலைந்த இடத்தையும் நாளையும் எழுதிக்கொள்ளலாம். வலையின் சாதியை எழுதவேண்டியதில்லை. சொன்னவர் பெயரும் வேண்டியதில்லை. அப்புத்தகம் வழக்குக்குச் சான்றாகாது என்று திணைக்களம் உறுதி கூற வேண்டும். தடைவலைக்கு இது மன்னிப்பாகிவிடாதா என்று சிலர் கேட்பர். அவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தடைவலையோடு தொழில் செய்பவனைப் பிடிப்பது ஒரு வேலை. முன்னமே தொலைந்து, இப்போது எவருக்கும் பயன்படாமல் மீனைக் கொன்றுகொண்டிருக்கும் வலையை எடுப்பது மற்றொரு வேலை. முதலாவதைச் செய்யும் ஆர்வத்தில் இரண்டாவதைச் செய்யமுடியாமற் போவதில் எவருக்கு இலாபம்?

சட்டத்துக்குட்பட்ட வலைகளுக்கு அடையாளம் இடுவதும் கடினமன்று. உலக உணவு விவசாய நிறுவனத்தின் மீன்பிடிக் குழு 2018 இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் ஒவ்வொரு கருவியிலும் உரியவரின் குறி இருத்தல் வேண்டுமென்று பரிந்துரைக்கின்றன. இது ஏதோ புதிய ஐரோப்பிய வழக்கம் என்று மட்டக்களப்பார் எண்ண நியாயமில்லை. படுவான்கரையிலே மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் எத்தனை தலைமுறை பழையது! குடிக்கொரு குறி, வீட்டுக்கொரு குறி. ஓர் எருமை எந்த வயலில் நின்றாலும் குறியைக் கண்டவன் இன்னாருடையது என்று சொல்லிவிடுவான். அந்தக் குறியையே ஒரு சிறு தகட்டில் வெட்டி மிதவையிற் கட்டினால், முகத்துவாரம் வெட்டிய மறுநாள் எவருடைய வலை எங்கே ஒதுங்கியது என்று ஊருக்கு ஊர் சொல்லியனுப்பலாம். உரியவனுக்கு வலை திரும்பக் கிடைக்கும். கடனும் மிஞ்சாது.

முகத்துவாரம் வெட்டும் நாளை முன்கூட்டி அறிவிப்பதும் இதனோடு சேர்ந்தது. வெட்டுவதைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் வயலையும் வீட்டையும் பற்றியே கவலைப்படுகிறார்கள்; அது முறையே. அதே தீர்மானம் அரை நாள் முந்தி ஒலிபெருக்கி மூலமோ கைத்தொலைபேசி மூலமோ தோணித்துறைகளுக்கு எட்டினால், வலைகளில் எத்தனையோ அன்றே எடுபட்டுவிடும். செலவில்லாத மருந்து இது. இன்னொன்று நண்டுக்கூடு வைப்பவர்களுக்குரியது: கூட்டின் ஒரு பக்கத்தை நைலோன் கயிற்றாற் கட்டாமல் வெறும் பருத்தி நூலாற் கட்டினால், தொலைந்த கூட்டின் நூல் சில மாதங்களில் உளுத்து, அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். உள்ளே நிற்கும் நண்டு போய்விடும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. பாட்டன் கைவிட்ட பருத்தி நூலுக்கு இப்படி ஒரு வேலை மீந்திருக்கிறது.

கூலி எங்கிருந்து வரும்? எடுத்த வலையின் விலையால் அக்கூலி தேறாது. பாசியும் சேறும் ஏறிய நைலோனைக் கழுவுவதற்கே பாதிச் செலவாகும். செசபீக்கிலும் அரசே கொடுத்தது. ஆனால் மாரி வெள்ளத்துக்குப் பின் தொழிலாளர் குடும்பங்களுக்கு உலருணவு நிவாரணம் கொடுக்கப்படும் மாவட்டம் இது. அதில் ஒரு பங்கைத் தேடற்கூலியாக மாற்றுவது பணத்தைப் பற்றிய பிரச்சினையைவிட நிருவாகத்தைப் பற்றிய பிரச்சினையே. நிவாரணம் பெறுவதை விரும்பாத, கூலி பெறுவதை விரும்புகின்ற மனிதர்கள் எழுவான்கரையிற் குறைவல்லர்.

முழு வாவியையும் ஒரே ஆண்டில் தேட வேண்டியதில்லை. வெள்ளம் இழுக்கும் வழிகளில் ஒன்று: கல்லடிப் பாலத்தைக் கடந்து பாலமீன்மடு நோக்கி. 1924 இல் எழுந்த பழைய பாலத்தின் தூண்களும், 2013 இல் திறந்த புதிய பாலத்தின் தூண்களும், அதற்கப்பால் கண்ணா மரங்களின் வேர்களும் அவ்வழியில் நிற்கின்றன. இழுபட்ட வலை எங்கேயாவது மாட்டியிருந்தால் அவற்றிலேதான் முதலில் மாட்டியிருக்கும். ஆனி முதல் ஆவணி வரை நீர் வற்றிய நாட்களில் அந்த வேர்களினிடையே பழைய மிதவைகள் சில, நிறம் வெளிறி, தாமாகவே தலைகாட்டி நிற்கும்.